மாத்திரை நாளும் பதிவு நாளும்

அரசு ஆஸ்பத்திரி என்னைத் துரத்தவில்லை. மாத்திரைக்கு என்னிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. டாக்டர் முகம் சுளித்ததில்லை. கவுன்சிலர் பெண் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "ஓசியில் வைத்தியம் பார்த்து மருந்தும் கொடுத்தால் கடைசியில் இப்படிப் பேசுகிறாளே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். நன்றி எனக்கு நிறையவே இருக்கிறது. அந்த நன்றியைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வாயை அடைத்து வைத்திருக்கிறீர்கள். இன்றைக்கு அடைபடாது.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நான் இலங்கை அகதி. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் எப்படியோ சமாளித்திருப்பேன். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால்தான் இந்தக் குமுறல். ஒரு கையால் மருந்தை நீட்டுகிறீர்கள். அதை வாங்கப் புறப்பட்டவளின் காலை மறு கையால் பிடித்துக்கொள்கிறீர்கள். இது என்ன நியாயம்?

1990-இல் மன்னாரிலிருந்து இரவோடு இரவாகப் படகேறியவர்கள் நாங்கள். நான் அப்போது பாவாடை சட்டைச் சிறுமி. மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் திரும்பிவிட்டான். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அதன்பிறகு லாரியில் ஏற்றி வடக்கே இன்னொரு முகாம். பத்துக்குப் பத்து அறையில் அம்மா, அப்பா, நாங்கள் பிள்ளைகள், அடுப்பு, தண்ணீர்க் குடம், எல்லாம். அந்த அறையில்தான் வயதுக்கு வந்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றேன், தாலியும் இறங்கியது. 2021-இல் அரசாங்கம் 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. பலகை மாறியது, பல இடங்களில் கூரையும் மாறியது. முகாமின் பதிவேடு மட்டும் மாறவில்லை.

பதிவு என்றால் என்னவென்று முகாமுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. குறித்த நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் மேசை போட்டு உட்காருவார். பக்கத்தில் கியூ பிராஞ்ச் போலீஸ்காரர் நிற்பார். பேர் கூப்பிட்டால் அட்டையை நீட்டி, முகத்தைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. ஆள் இல்லையென்றால் பணம் நிற்கும். தொடர்ந்து இல்லையென்றால் பேரையே வெட்டிவிடுவார்கள். பணம் போனால் கடன் வாங்கலாம். பேர் போனால்? 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எழுதினார்கள், எங்கள் நாட்டை எழுதவில்லை. ஆகவே அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரிதான் நான். அந்த வரி போய்விட்டால் நான் யாரும் இல்லை.

இந்தப் பயம்தான் என் மனுசனைக் கொன்றது. கிருமி கொன்றது என்று சான்றிதழில் எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரியும் எது கொன்றது என்று.

அவர் பெயிண்டர். முகாம் ஆம்பிளைகளில் பாதிப் பேருக்கு அந்தத் தொழில்தான். சாரத்தில் தொங்கி அடுத்தவன் வீட்டுக்கு வர்ணம் அடித்துவிட்டு, மாதக் கணக்கில் வெளியூரில் கிடந்து, பதிவுக்கு மட்டும் பஸ் பிடித்து ஓடி வருவார்கள். அவருக்கு இருமல் வந்தது, உடம்பு இளைத்தது, டிபி என்றார்கள். பிறகு ரத்தம் எடுத்து மற்றதையும் சொன்னார்கள். எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் நாட்டில் தொடங்கியிருந்தது. தாம்பரம் சானடோரியம் அது தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அங்கேதான் படுக்கை கிடைத்தது. டிபி மருந்து கொஞ்சம் பிடிக்கட்டும், பிறகு இதைத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கையில் இருந்தவர் தேதியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். "போன பதிவுக்கும் நான் இல்லை, இந்தப் பதிவுக்கும் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவான், உனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லாமல் போகும்." எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டலாம் என்றேன். "காட்டினால் சானடோரியம் என்று இருக்கும். அப்புறம் முகாமில் எவன் நம் வீட்டுப் படி ஏறுவான்?" என்றார். சொல்லாமல் கொள்ளாமல் வார்டைவிட்டு வந்துவிட்டார். கையில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியோடு வரிசையில் நின்றார். கையெழுத்துப் போடும்போது பேனா நழுவியது. ஆர்.ஐ. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்த பேரைக் கூப்பிட்டார். திரும்பவும் தாம்பரம் போக அவர் உடம்பில் தெம்பு இல்லை. பதிவேட்டில் அந்த மாதக் கையெழுத்து பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஆள்தான் இல்லை.

அவரோடு எனக்கும் ரத்தம் பார்த்தார்கள். எனக்கு இருந்தது. பிள்ளைக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக மாதா கோயிலில் நான் எரித்த மெழுகுவர்த்திக்குக் கணக்கில்லை.

அந்தக் காலத்தில் கிருமி இருக்கிறது என்றதும் மருந்து தரமாட்டார்கள். ரத்தத்தில் சிடி4 செல்களின் எண்ணிக்கை குறைய வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். இருக்கிற எல்லோருக்கும் உடனே மருந்து என்பது 2017-இல்தான் வந்தது. எனக்குத் தொடங்கியபோது ஸ்டாவுடின் கலந்த மாத்திரை. உயிரைக் காப்பாற்றியது, உண்மை. ஆனால் கன்னம் ஒட்டியது, கைகால் நரம்பு புடைத்தது, கண்ணாடியில் என் முகத்தை எனக்கே பிடிக்கவில்லை. "என்ன வருத்தம் உனக்கு?" என்று சனம் கேட்டது. சுகர் என்றேன். பிறகு மாத்திரை மாறியது. இப்போது ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, டோலுடெக்ராவிர் சேர்ந்தது. ரத்தத்தில் கிருமி கண்டறியப்படவில்லை என்று என் வைரல் லோட் அறிக்கை சொல்கிறது. அப்படி இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் கிருமி பரவாது என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒப்புக்கொண்டாகிவிட்டது. என் உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மருந்தும் செய்கிறது. செய்யாதது உங்கள் ஏற்பாடுதான்.

இந்த மருந்துக்கு ஒரு கறார் உண்டு. விடக் கூடாது. விட்டால் கிருமி பழகிவிடும், பிறகு இந்த மருந்து வேலை செய்யாது. அதனால் இந்த மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் டப்பாவைக் கொட்டி மிச்ச மாத்திரையை எண்ணுகிறார்கள். கணக்கு இடித்தால், "ஏன் விட்டீங்க?" என்று கேட்கிறார்கள். ஒழுங்காக வராதவர்களைத் தேடி வீட்டுக்கு ஆளை அனுப்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முகாமுக்குள் வெளியாள் வந்தால் வாசலிலேயே கேள்வி: யாரைப் பார்க்க வந்தாய், என்ன விஷயம், எந்த அமைப்பு? பதில் சொல்வதற்குள் பத்துத் தலை எட்டிப் பார்த்துவிடும். ஆக, மாத்திரைக்குப் போகாவிட்டாலும் அம்பலம், போனாலும் அம்பலம்.

வீட்டில் அந்த டப்பாவை வைக்கும் பாட்டைக் கேளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் சுரண்டி எடுத்து, அடுப்பில் போடுவேன். பிளாஸ்டிக் டப்பா, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். பக்கத்து வீட்டுச் சுவர் செங்கல் ஒற்றை வரி. அவர்கள் திரும்பிப் படுப்பது எனக்குக் கேட்கும், என் டப்பா அவர்களுக்குக் கேட்காதா? பஞ்சை அடைத்துத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவைப்பேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கையைவிட்டு எடுப்பேன். இத்தனை வருடமும் என் சொந்த உயிரை நானே திருடித் தின்கிற மாதிரித்தான் வாழ்ந்திருக்கிறேன்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு காகிதம் போட்டு உடைத்தது.

மையத்தில் கொடுத்த தேதியும் முகாமில் பதிவு நாளும் ஒன்றாக வந்தன. இது எப்போதாவது நடப்பதல்ல, மாதா மாதம் ரெண்டும் ஓடினால் இடிக்கத்தானே செய்யும்? முன்கூட்டியே அனுமதி எழுதிக் கேட்டேன். பெயர், அட்டை எண், போகும் ஊர், காரணம். காரணம் என்ற இடத்தில் 'மருத்துவம்' என்று எழுதினேன். "என்ன மருத்துவம்?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். பெரியாஸ்பத்திரி என்றேன். "பெரியாஸ்பத்திரியில் என்ன? ஆளாளுக்கு ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். சீட்டைக் கொண்டா." சீட்டில் ஏ.ஆர்.டி. என்று முத்திரை இருந்தது. கையை நடுங்க விடாமல் நீட்டினேன். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். காகிதத்தை விரல் நுனியால் பிடித்து மேசையில் தள்ளினார். பக்கத்தில் நின்றவரும் குனிந்து பார்த்தார். "சரி, போய்ட்டு வா" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் செய்தி தண்ணீர்க் குழாயடிக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு என் குடத்துக்கு முன்னால் யாரும் குடம் வைக்கவில்லை. வழி விட்டார்கள். மரியாதையாகத்தான்! என்னோடு ஒரே படகில் வந்தவர்கள், என் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர்கள், வழி விட்டார்கள். என் மகளைப் பெண் கேட்டு வேறு முகாமிலிருந்து வந்தவர்கள் பேச்சைப் பாதியில் விட்டார்கள். "உங்கட குடும்பத்தைப் பற்றி ஒன்று கதைக்கிறாங்கள்" என்று மட்டும் போனில் சொன்னார்கள். அவள் படித்தவள். கிருமி அவளுக்கு இல்லை என்று தாள் இருக்கிறது. அந்தத் தாளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டா ஒரு பெண் நடமாட முடியும்?

அந்தச் சனத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவர்கள் பயந்தவர்கள். பயப்படத் தேவையில்லாத இடத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத்தான் கேட்கிறேன். என் வியாதியைக் கேட்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

ஏனென்றால் அந்த உரிமை அவருக்கு இல்லை. இதை எனக்கு மையத்துக் கவுன்சிலர்தான் சொல்லிக்கொடுத்தாள். 2017-இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. சட்டம் போட்டது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 8-ஆம் பிரிவு, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் கோர்ட் உத்தரவு வேண்டும். 3-ஆம் பிரிவு, வைத்தியம் கொடுப்பதில் மட்டுமல்ல, நடமாடும் உரிமையிலும் இந்தக் கிருமியைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. சட்டம் யாருக்குப் பாதுகாப்பு? குடிமக்களுக்கு என்று அங்கே எழுதவில்லை. எச்.ஐ.வி. உள்ள நபருக்கு, அவரோடு வாழ்கிறவருக்கு என்று எழுதியிருக்கிறது. நான் நபர்தானே? குடிமகள் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், சரி. நபரும் இல்லையா? உயிர் வாழும் உரிமை இந்த நாட்டில் குடிமகன் அல்லாதவனுக்கும் உண்டு என்று 1996-இலேயே சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட் சொன்னது டெல்லியில். அது எங்கள் முகாம் மேசைக்கு வந்துசேர இன்னும் எத்தனை வருடமாகும்?

"யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே, சீட்டைத்தானே கேட்டார்கள்" என்பீர்கள். சீட்டைக் காட்டாவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் போனால் பதிவு போகும். பதிவுக்கு நின்றால் மாத்திரை போகும். மூன்று பக்கமும் அடைத்துவிட்டு, நாலாவது பக்கமாக அவளே விரும்பிப் போனாள் என்பதா? இதற்குப் பேர் கட்டாயம் இல்லையென்றால் வேறென்ன?

முகாமையும் இந்தக் கிருமியையும் சேர்த்துப் பூட்டுவது இங்கே மட்டும் நடந்ததல்ல. 1991-இல் ஹைட்டியில் ஆட்சியைக் கவிழ்த்தபோது படகேறித் தப்பியவர்களைக் கடலிலேயே மறித்து அமெரிக்கா தன் குவாண்டநாமோ கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோனது. பரிசோதித்தார்கள். எச்.ஐ.வி. இருந்தவர்களில் 200-க்கும் மேற்பட்டோரை, சொந்த நாட்டில் இவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகும், அமெரிக்காவுக்குள் விடாமல் முள்வேலிக்குள்ளேயே வைத்தார்கள். அவர்கள் பட்டினி கிடந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1993 ஜூனில் நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்சன் எல்லோரையும் விடுவிக்கச் சொன்னார். அவர்களும் எங்களைப் போலப் படகில் வந்தவர்கள்தான். யாரும் இரக்கப்பட்டுக் கதவைத் திறக்கவில்லை, சட்டத்தைக் காட்டி உடைத்துக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு மிசோரமில், மியான்மரிலிருந்து 2021-க்குப் பிறகு ஓடிவந்த சின் மக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தியாவிலேயே எச்.ஐ.வி. விகிதம் மிக அதிகமான மாநிலமும் அதுதான். அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

மேடைக்கு மேடை எங்களைத் தொப்புள்கொடி உறவு என்கிறீர்கள். தேர்தல் வந்தால் எங்கள் பேரைச் சொல்லாத கட்சி இல்லை. ஓட்டு எங்களுக்கு இல்லை, ஆனால் எங்களைக் காட்டி ஓட்டு வாங்குகிறீர்கள். இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகிறீர்கள், நானும் ஏற்றுகிறேன். உயிரோடு இருக்கிற ஒருத்தி மாத்திரை வாங்க பஸ் ஏறுவதற்குக் காரணம் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றி எந்த மேடையில் எவர் பேசினார்? இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் 1986-இல் கண்டுபிடித்ததே இந்தச் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் குழு, காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பெண்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. அடைபட்ட பெண்ணிடமிருந்துதான் இந்த நாட்டின் எச்.ஐ.வி. கதையே தொடங்குகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அடைபட்ட பெண்ணிடம்தான் வந்து நிற்கிறது.

"அவ்வளவு கஷ்டமென்றால் ஊருக்குத் திரும்பிப் போ" என்கிறவர்களும் உண்டு. இலங்கையிலும் இந்த மருந்து இலவசம்தான். தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிருமி போவதை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார அமைப்பு அதற்குச் சான்றிதழும் கொடுத்தது. நான் போகக்கூடும். ஆனால் எந்த மாத்திரையில் இருக்கிறேன், எப்போது மாற்றினார்கள், கடைசி அறிக்கை என்ன என்று முழு விவரத்தோடு கடிதமும், அங்கே ஒரு மையத்தில் சேரும்வரை கையில் மருந்தும் இல்லாமல் எப்படிக் கடல் தாண்டுவேன்? போகச் சொல்கிறவர்கள் அதையும் கட்டிக்கொடுத்து அனுப்புங்கள்.

இருப்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், கோடிக் கணக்கில் ஒன்றும் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள். 2020 ஊரடங்கில் கொடுத்தீர்கள்தானே? நாட்டுக்கே ஆபத்து என்றபோது முடிந்தது, எனக்கு ஆபத்து என்றால் முடியாதா? அரசு ஆஸ்பத்திரியில் இந்தத் தேதியில் இந்த நபர் வந்தார் என்று மட்டும் எழுதிய சீட்டை, எந்தப் பிரிவு என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவு தவறியவர் அடுத்த வேலை நாளில் வந்து கையெழுத்துப் போட வழி செய்யுங்கள். முகாமுக்குப் பக்கத்தில் இருக்கும் தாலுகா ஆஸ்பத்திரியின் இணைப்பு மையத்திலேயே எங்களுக்கு மருந்து கிடைக்கட்டும். மேசையில் உட்காருகிறவர்களுக்கு அந்த 8-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள், மீறினால் நடவடிக்கை என்பதையும் சேர்த்து. இவற்றில் ஒன்றுக்கும் புதுச் சட்டம் வேண்டாம். இரண்டு துறையின் அதிகாரிகள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசினால் போதும். அந்த ஒரு மத்தியானம்தான் எங்களுக்கு இத்தனை வருடமாகக் கிடைக்கவில்லை.

எங்கள் முகாமில் நான் ஒருத்திதானா என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரிந்தே மாத்திரையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். சீட்டைக் காட்டப் பயந்து நிறுத்தியவர்கள். பரிசோதனைக்கே போகாதவர்கள் எத்தனை பேரோ. என் கதை குழாயடிக்கு வந்ததைப் பார்த்த பிறகு அவர்களில் ஒருவராவது நம்பிக்கை மையத்துப் படி ஏறுவாரா? ஒரு சீட்டை வாங்கிப் படித்தவர் என் ஒருத்தியை மட்டும் அம்பலப்படுத்தவில்லை, இன்னும் எத்தனை பேரை மருந்துக்கு வரவிடாமல் தடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

என்னிடம் இனி மறைக்க ஒன்றும் இல்லை. அந்த அளவுக்கு அவருக்கு நன்றி. அடுத்த தடவை மாத்திரை நாளும் பதிவு நாளும் மோதும்போது, மனுவில் பேர் எழுதுவேன், அட்டை எண் எழுதுவேன், தேதி எழுதுவேன். காரணம் என்ற இடத்தில் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன். கேட்டால் சட்டத்தின் பேரையும் பிரிவையும் சொல்வேன். அதற்கும் மேல் என் பேரை வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டட்டும். ஏன் வெட்டினோம் என்ற காரணத்தை அவர்கள் தங்கள் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து என்னிடம் கொடுக்கட்டும். அந்தத் தாளோடு நான் கோர்ட்டுக்குப் போவேன்.